முகத்தை மூடியது யார்? ப்ரொஃபைலிங் கற்க வருபவர்களுக்கு வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

நான் எழுதிய முதல் ப்ரொஃபைல், அதாவது குற்றம் செய்தவர் எப்படிப்பட்டவர் என்ற யூகக் குறிப்பு, இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

பயிற்சிக்காகக் கட்டிய கேஸ் அது. ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர், சர்வீஸில் பார்த்த பல கேஸ்களிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கோத்து எங்களிடம் கொடுத்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டோர் வீடு. எட்டுக் குடித்தனம், ஒரே நடை, ஒரே குழாய். கடைசி அறையில் தனியாக இருந்தவர் 68 வயது அம்மா. வட்டிக்குப் பணம் விடுபவர். விடிகாலை தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்தும் அவர் குடம் மட்டும் வரிசையில் இல்லை. போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறார். தலையில் அடி. பக்கத்தில் அவருடைய அம்மிக் குழவி. முகத்தைப் புடவைத் தலைப்பு மூடியிருக்கிறது.

கதவு உடைக்கப்படவில்லை. டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் செயின் இல்லை, காதில் கம்மல் இருக்கிறது. பீரோ சாவி போட்டுத் திறந்திருக்கிறது, கணக்கு நோட்டைக் காணோம். அடுப்படியில் கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளர். வாசற்படியில் மிளகாய்த்தூள்.

நான் எடுத்த எடுப்பில் எழுதியது இது: “முகத்தை மூடியிருக்கிறான். ஆகவே குற்றவுணர்வு. ஆகவே நெருங்கிய உறவு. மகன் அல்லது பேரன்.” அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. செய்ததை இல்லாததாக்கும் முயற்சி என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. எஸ்.ஐ. தாளைப் படித்தார், மடித்தார்.

“தம்பி, முகத்தை மூடுனது யாருன்னு கேட்டியா?”

கேட்கவில்லை.

“மூணாவது வூட்டு அம்மா மூடுச்சு. கண்ணு தொறந்துனு இருந்துச்சாம். புள்ளைங்க பாத்து பயந்துக்கும்னு தலைப்பை இழுத்து வுட்டுச்சு.”

மகனையும் பேரனையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகும் அளவுக்கு நான் எழுதிவிட்டிருந்தேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். இதே கேஸை வைத்துக்கொண்டே மேலே போவோம்.

ப்ரொஃபைலிங் என்றால் என்ன

சம்பவ இடத்தில் ஒருவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதைப் பார்த்து, யாரென்று இன்னும் தெரியாத அந்த ஆளின் பழக்கம், திறமை, செத்தவரோடு இருந்த உறவு, இருப்பிடம் ஆகியவற்றை யூகிப்பது. விசாரணை முதலில் எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. மனத்தைப் படிக்கும் வித்தை அல்ல இது.

வித்தை என்ற பெயர் வந்ததற்கு ஒரு பழைய கதை காரணம். நியூயார்க்கில் 1940 முதல் 1956 வரை ஒருவர் விட்டு விட்டுக் குண்டு வைத்தார். ஜேம்ஸ் பிரஸல் என்ற மனநல மருத்துவர், பிடிபடும்போது அவர் பொத்தான் போட்ட டபுள் பிரெஸ்ட் கோட்டு அணிந்திருப்பார் என்று சொன்னதாகவும், அப்படியே நடந்ததாகவும் சொல்வார்கள். குண்டு வைத்த ஜார்ஜ் மெடெஸ்கி 1957 ஜனவரியில் பிடிபட்டது பைஜாமாவில்; கோட்டு அதன்பின் மாற்றிக்கொண்டது. ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மின்சாரக் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் பழைய நஷ்டஈட்டுக் கோப்புகளைப் புரட்டிய ஆலிஸ் கெல்லி என்ற ஊழியர். மிரட்டல் கடிதத்தில் இருந்த அதே சொற்கள் ஒரு கோப்பிலும் இருந்தன. கோட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, கோப்பு யாருக்கும் இல்லை.

பிறகு 1972இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது. சிறையில் இருந்த 36 பாலியல் கொலையாளிகளிடம் பேட்டி எடுத்து, திட்டமிட்டுச் செய்பவர், தாறுமாறாகச் செய்பவர் என்று இரண்டு கூடைகளில் பிரித்தார்கள். பிரிட்டனின் டேவிட் கேன்டர் 2004இல் 100 தொடர் கொலையாளிகளின் விவரங்களை வைத்துச் சோதித்தபோது அந்த இரண்டு கூடை நிற்கவில்லை. இன்னும் நம் கல்லூரிப் பரீட்சைகளில் அது இரண்டு மார்க் கேள்வியாக உயிரோடு இருக்கிறது. மார்க்குக்கு எழுதுங்கள், கேஸுக்கு எழுதாதீர்கள்.

1. இந்தக் கேஸுக்கு இது தேவையா என்று கேளுங்கள்

பெரும்பாலும் தேவையில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாடு முழுக்க 28,522 கொலை வழக்குகள். காரணங்களில் தகராறு 9,962, முன்பகை 3,761, ஆதாயம் 1,884. தகராறும் முன்பகையும் என்றால் இரு தரப்புக்கும் ஏற்கெனவே ஏதோ தொடர்பு இருந்திருக்கும். நம் பக்கத்தில் பழிக்குப் பழியாக நடக்கும் சம்பவங்களில் செய்தது யார் என்பது மறுநாள் டீக்கடைக்கே தெரியும். வேறு ஊர்க் கோர்ட்டில் நாலு பேர் சரண்டர் ஆவார்கள். ஆனவர்கள்தான் செய்தவர்களா, ஸ்கெட்ச் போட்டது, அதாவது திட்டம் போட்டது யார் என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு சி.டி.ஆர். (ஃபோன் அழைப்புப் பதிவு), சி.சி.டி.வி., பணம் போன வழி இவையே போதும்.

யார் என்றே தெரியாத கேஸ், ஒரே கை செய்ததுபோல் தோன்றும் தொடர் சம்பவங்கள், அந்நியர் செய்த பாலியல் வன்முறை, தொடர்ந்து வைக்கப்படும் தீ, மொட்டைக் கடுதாசி மிரட்டல்கள் ஆகியவற்றில்தான் உங்கள் வேலைக்கு இடம் உண்டு.

2. காகிதத்தை வரிசையாகப் படியுங்கள், சந்தேக லிஸ்டைப் படிக்காதீர்கள்

எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (இடத்தின் வரைபடம்), போட்டோ, வீடியோ, பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, தடயவியல் அறிக்கை, கடைசியில் சாட்சி வாக்குமூலங்கள். இதே வரிசையில் படியுங்கள். வடசென்னைச் சடலங்களில் பல ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான் போகும். அங்கிருந்து வரும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் காயத்தின் நீளம், ஆழம், உயிரோடு இருக்கும்போது பட்டதா இறந்த பிறகா என்ற வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரித்து வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது. அந்த வீடியோ கிடைத்தால் ஒரு தடவை சத்தம் இல்லாமலும் ஒரு தடவை சத்தத்தோடும் பாருங்கள். பின்னால் யாரோ பேசுவது சில சமயம் படத்தைவிட உபயோகமானது.

விசாரணை அதிகாரி யாரைச் சந்தேகப்படுகிறார் என்று கேட்டுவிடாதீர்கள். அவரே சொல்ல வந்தாலும் “சார், நான் எழுதிக் கொடுத்த அப்புறம் சொல்லுங்க” என்று தடுத்துவிடுங்கள். பெயர் காதில் விழுந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு தடயமும் அந்தப் பெயரைப் பார்த்தே நிற்கும். அதிகாரிகளுக்கு இது கொஞ்சம் கோபம் வரவைக்கும். பரவாயில்லை.

இந்தக் கட்டத்தில் தனியாக ஒரு தாள் எடுத்து, போட்டோ எடுப்பதற்கு முன் யார் யார் உள்ளே வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று எழுதுங்கள். பாடப்புத்தகம் எழுதப்பட்ட ஊர்களில் மஞ்சள் டேப் கட்டி ஆளை விலக்கிவிடுவார்கள். ஸ்டோர் வீட்டில் போலீஸ் வருவதற்குள் பதினைந்து பேர் உள்ளே போய் வந்திருப்பார்கள். ஒருவர் நாடி பிடித்துப் பார்த்திருப்பார், ஒருவர் தண்ணீர் தெளித்திருப்பார், கண்ணை மூடிவிட்டிருப்பார்கள், சேலையைச் சரிசெய்திருப்பார்கள், டி.வி.யை நிறுத்தியிருப்பார்கள். விளக்கேற்றித் தலைமாட்டில் வைத்த கேஸ்கூட உண்டு என்று எஸ்.ஐ. சொல்வார். எல்லாம் அன்பில் செய்தது. எல்லாமே கொலையாளியின் நடத்தைபோலத் தெரியும்.

3. செத்தவரின் ஒரு நாளை எழுதுங்கள்

அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. எப்போது, எங்கே, யாருடைய கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி இருந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

நம் அம்மா காலை 5 மணிக்குத் தண்ணி பிடிப்பார். 11 மணிக்கு மேல் வசூலுக்குக் கிளம்புவார். மாலை வாசலில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி 9 மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு சீரியல். காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தம் எப்போதுமே அதிகம். அப்படியானால் டி.வி. சத்தத்தை வைத்து “அலறலை மறைக்கக் கொலையாளி கூட்டிவைத்தான்” என்று எழுத முடியாது. அதே சமயம், 9 மணிக்குப் பிறகு அந்த அறையிலிருந்து சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது தெரிந்த ஒருவர் செய்திருக்கலாம். அந்தத் தெரிதல் ஸ்டோரில் இருக்கும் எட்டுக் குடித்தனத்துக்கும், அடிக்கடி வந்துபோகும் கடன்காரர்களுக்கும் உண்டு.

4. நடத்தையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு செயலுக்கும் மூன்று கேள்வி. வேலை முடிய இது தேவையா? மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தேவையா? இரண்டுக்கும் தேவையில்லாமல் அந்த ஆளுக்காகவே செய்ததா? முதல் இரண்டும் செய்முறை. போலீஸ் பேச்சில் எம்.ஓ. அனுபவம் ஏற ஏற அது மாறும். மூன்றாவது அந்த ஆளின் கையெழுத்து. அது அவ்வளவு சீக்கிரம் மாறாது, ஆனால் அபூர்வமாகத்தான் கிடைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாமே கையெழுத்தாகத் தெரியும்.

குழவி: அது அந்த வீட்டுப் பொருள். கத்தி எதுவும் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. கொல்லும் எண்ணத்தோடு வராமல் பேச்சு முற்றியிருக்கலாம். அல்லது கழுத்தை நெரிக்க நினைத்து முடியாமல் போயிருக்கலாம். கழுத்தில் நகக்கீறல் உண்டா என்று போஸ்ட்மார்ட்டம் அறிக்கையைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

டம்ளர்: யாரோ உட்கார்ந்து காபியோ டீயோ குடித்திருக்கிறார். அம்மாவே கழுவிக் கவிழ்த்திருந்தால் அதன்பிறகும் பேச்சு நீண்டிருக்கிறது என்று அர்த்தம். வந்தவர் கழுவியிருந்தால் ரேகையை யோசித்திருக்கிறார். இரண்டில் எது என்று இப்போது சொல்ல முடியாது. ஆகவே “வந்தவர் உட்காரவைத்துக் கொடுக்கும் அளவுக்குத் தெரிந்தவர்” என்பதோடு நிறுத்த வேண்டும்.

மிளகாய்த்தூள்: மோப்ப நாயைக் குழப்ப. பேப்பர் படிக்கிற எவருக்கும் தெரிந்த உத்தி. “மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை” என்ற வாக்கியத்தைப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். எனவே அனுபவமுள்ள குற்றவாளி என்று இதை வைத்து எழுதாதீர்கள். கேட்க வேண்டியது, தூள் எங்கிருந்து வந்தது? அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து என்றால் அது பிறகு யோசித்துச் செய்தது. கையோடு கொண்டுவந்தது என்றால் வரும்போதே திட்டம் இருந்திருக்கிறது, குழவியைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

செயினும் கம்மலும்: நகைக்காக வந்தவர் கம்மலை விடுவது அபூர்வம். அவசரமாக இருக்கலாம். நகைக்காக நடந்தது என்று காட்டவும் செய்திருக்கலாம். காணாமல் போன நோட்டோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டாவதற்கு எடை கூடுகிறது. செயினை அடகு வைக்கலாம், உருக்கலாம். வட்டிக்கணக்கு நோட்டு, அதில் பெயர் இருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் எதற்கும் உதவாது.

5. மேப்பை வையுங்கள், பிறகு நடந்து பாருங்கள்

1993இல் கேன்டரும் லார்கினும் இங்கிலாந்தில் 45 தொடர் பாலியல் குற்றவாளிகளை ஆராய்ந்தார்கள். ஒருவர் செய்த சம்பவங்களில் மிகத் தூரமாக இருக்கும் இரண்டை எடுத்து, அந்தத் தூரத்தையே விட்டமாக வைத்து வட்டம் போட்டால், பெரும்பாலானோரின் வீடு அந்த வட்டத்துக்குள் இருந்தது. கனடாவில் கிம் ராஸ்மோ இதை இன்னும் நுட்பமான கணக்காக்கினார்.

ராயபுரத்தில் நின்று வட்டம் போட்டால் பாதி வங்காள விரிகுடாவில் விழும். மீதிப் பாதியை பக்கிங்காம் கால்வாய் அறுக்கும், ரயில் பாதை அறுக்கும். மேப்பில் கால்வாய்க்கு இக்கரையும் அக்கரையும் விரற்கடை தூரம்; நடந்தால் பாலம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால் டூ வீலர்காரர் என்ன செய்வார், மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் வியாசர்பாடியிலிருந்து புளியந்தோப்புக்கு எந்தச் சந்து வழியாக வருவார்கள் என்பது கணினிக்குத் தெரியாது. காய்கறிக்காரரிடம் கேளுங்கள்.

நேரமும் அப்படித்தான். விடியற்காலை 3 மணியை “ஆள் நடமாட்டமற்ற நேரம்” என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அது அண்ணா நகருக்குச் சரி. காசிமேட்டில் அந்த நேரத்துக்கு ஐஸ் வண்டியும் மீன் கூடையும் ஏலச் சத்தமுமாகக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அந்த வீதிகளில் யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பதே மாறிவிடும். தொடர் சம்பவம் ஒன்று ஜூன் நடுவில் நின்றுபோனால் அதைக் குறித்துவையுங்கள். “ஆகவே மீனவர்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூன்தான்.

6. எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் கணக்குக் காட்டுங்கள்

யூகம், அதற்கு ஆதாரம், எவ்வளவு உறுதி, எது கிடைத்தால் இது பொய்யாகும். இந்த நாலும் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். நம் கேஸில் என் இரண்டாவது தாளில் மிஞ்சியது இவ்வளவே:

வந்தவர் அம்மா கதவு திறக்கும் அளவுக்குத் தெரிந்தவர். கதவும் டம்ளரும் ஆதாரம். உறுதி அதிகம். தாழ்ப்பாள் ஏற்கெனவே கெட்டிருந்தது என்றோ இரண்டு டம்ளரும் மத்தியானத்தையவை என்றோ தெரிந்தால் விழுந்துவிடும்.

நோட்டில் பெயர் இருந்தவர், அல்லது பெயர் இருந்தவருக்காகச் செய்தவர். நோட்டு காணாமல் போனதும் கம்மல் விடப்பட்டதும் ஆதாரம். உறுதி நடுத்தரம். நோட்டு வேறெங்காவது, உதாரணமாக மகள் வீட்டில், கிடைத்தால் விழுந்துவிடும்.

ஆணா பெண்ணா, வயது என்ன: சொல்ல ஆதாரம் இல்லை.

அந்த மூன்றாவது வரியை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. “25 முதல் 35 வயது, தாழ்வு மனப்பான்மை உள்ளவர், பெண்களோடு பழகச் சிரமப்படுபவர்” என்று எழுதினால் படிப்பவருக்குத் திருப்தியாக இருக்கும். கிளி ஜோசியமும் அப்படித்தான் திருப்தி தருகிறது. 2003இல் பிரிட்டனில் லாரன்ஸ் அலிசனும் குழுவினரும் ஒரே ப்ரொஃபைலை இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான குற்றவாளியின் விவரம், இன்னொன்றுக்கு முற்றிலும் வேறான, இட்டுக்கட்டிய ஒருவரின் விவரம். இரண்டு குழுவிலும் பெரும்பாலானோர் பொருந்துகிறது என்றே சொன்னார்கள். நீங்களும் உங்கள் தாளைப் பக்கத்து கேஸோடு வைத்துப் பாருங்கள். அதற்கும் பொருந்தினால் கிழித்துப் போடுங்கள்.

7. சட்டம் எங்கே நிறுத்தும்

ப்ரொஃபைல் சாட்சியம் அல்ல, வழிகாட்டிக் குறிப்பு. நிபுணர் கருத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் (புதிய சாட்சியச் சட்டம்) 39ஆவது பிரிவு இடம் தருகிறது என்றாலும், “இப்படிப்பட்ட ஆள் இப்படிச் செய்வார்” என்பது அதே சட்டத்தின் 49ஆவது பிரிவில் போய் முட்டும். முந்தைய கெட்ட நடத்தையை அரசுத் தரப்பு தானாக முன்வைக்க முடியாது. சந்தேக நபரின் சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனைகள் கூடாது என்று 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உளவியலாளர் என்ற முறையில் அந்த அறையில் நீங்கள் இருந்தால் அந்தச் சம்மதத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவர் நீங்களும்தான்.

ப்ரொஃபைலை ஒருவர்மேல் சட்டையாக மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் 1992இல் நடந்த ரேச்சல் நிக்கல் கொலை. உளவியலாளரின் சித்திரம் காலின் ஸ்டாக் என்பவருக்குப் பொருந்துவதாக நினைத்து, ஒரு பெண் போலீஸை மாறுவேடத்தில் அவரோடு பழகவிட்டு வாக்குமூலம் வாங்கப் பார்த்தார்கள். 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தார். உண்மையில் செய்த ராபர்ட் நேப்பர் இதற்கிடையே 1993இல் ஒரு தாயையும் குழந்தையையும் கொன்றிருந்தார். நிக்கல் வழக்கில் அவர் தண்டனை பெற்றது 2008இல்.

மீடியாவுக்கு ஒரு வரியும் கொடுக்காதீர்கள். 2002இல் வாஷிங்டன் சுற்றுவட்டாரத் துப்பாக்கிச் சூடுகளின்போது டி.வி. நிபுணர்கள் தனியாள், வெள்ளையர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரே வெள்ளை வேனைத் தேடியது. பிடிபட்டது நீலக் காரில் இருந்த இரண்டு கறுப்பினத்தவர்.

ஏரியாவைப் பற்றி

கொஞ்சம் சொந்தக் கதை. நான் தண்டையார்பேட்டை. வேலைக்கு நேர்முகம் போன ஒரு கம்பெனியில் சான்றிதழ் எல்லாம் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், விலாசத்துக்கு வந்ததும் பேனாவை வைத்தார். “அந்தப் பக்கமா? ராத்திரியெல்லாம் சேஃப்தானே?” என்றார். அவர் செய்ததும் ப்ரொஃபைலிங்தான், தலைகீழாக. நடத்தையிலிருந்து ஆளுக்குப் போகாமல், விலாசத்திலிருந்து நடத்தைக்குப் போனார்.

தனிமனிதரின் பழக்கம் அல்ல அது. 1871இல் வந்து, பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பைப் பார்த்தே மனிதர்களைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. 1952இல்தான் நாடு முழுக்க அது முடிவுக்கு வந்தது. இன்று உங்கள் அறிக்கையில் “குடிசைப் பகுதி, படிப்பை நிறுத்தியவர், மாவா பழக்கம்” என்று எழுதும்போது, சம்பவ இடத்தில் எந்தத் தடயம் அதைச் சொன்னது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தடயமும் சொல்லவில்லை என்றால், அந்த விவரம் உங்கள் தலையிலிருந்துதான் வந்திருக்கிறது. ரோந்துக்காரர் கையில் அந்தத் தாள் போனால் வியாசர்பாடியில் ஒரே ராத்திரியில் நூறு பையன்கள் அதற்குப் பொருந்துவார்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது

கேஸ் ஃபைலை உங்களிடம் யாரும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். சிறைவாசிகளோடு பேச வேண்டுமானால், புழல் ஆனாலும் வேறெதுவானாலும், சிறைத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும் உங்கள் கல்வி நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும்; மாதக்கணக்கில் ஆகும். படிப்பென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரிலும் குற்றவியல் துறை இருக்கிறது. சம்பவப் படங்களை உங்கள் ஃபோனில் வைத்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் வேறு எதற்கோ கேலரியைத் திறக்கும்போது அது கண்ணில் படும், அன்றைக்குச் சோறு இறங்காது.

செலவில்லாத நல்ல பயிற்சி, தீர்ப்புகள். சென்னை உயர் நீதிமன்றத்தின் கொலை மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொலைக்கான பிரிவு, 2024 ஜூலைக்கு முந்தைய சம்பவங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, அதற்குப் பிந்தையவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. தலைப்பிலேயே குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் இருக்கும், அதைத் தாண்டிப் போங்கள். சம்பவ இடம், காயம், மகஜர் வரை படித்துவிட்டுக் கைது என்ற சொல் வருவதற்கு முன் நிறுத்தி, கீழே உள்ளதை ஒரு தாளால் மறைத்துவிட்டு உங்கள் நாலு கட்டத்தை எழுதுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு தீர்ப்புக்கு ஒரு சாயங்காலம் போதும். எழுதத் தொடங்கும் முன் அ.சா. 1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) யார், சடலத்தை முதலில் பார்த்தது யார், அவர் எதைத் தொட்டார் என்று மட்டும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.